பார்த்தது, கேட்டது, நினைத்தது

கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அவளிடம் எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது அதுதான்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு 'ஏ', அவளுடையது. இந்தப் பக்கம் 'பி', என்னுடையது. இரண்டு பேருக்கும் ஒரே பாடங்கள், பூகோளமும் சயின்ஸும். நான் நோட்ஸ் சொல்வேன். நாற்பது பெண்களும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். சத்தம் தெருவரை கேட்கும். கேட்க வேண்டும், அப்போதுதான் பாடம் நடக்கிறது என்று தலைமையாசிரியை நம்புவார். தட்டிக்கு அந்தப் பக்கமோ திடீரென்று ஓய்ந்துவிடும். அவள் கேள்வி கேட்டிருப்பாள். "யாரும் கை தூக்காதீங்க. மொதல்ல யோசிங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம். வகுப்பில் இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடம் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை தலைமையாசிரியை, வகுப்பில் டீச்சரே இல்லை என்று நினைத்துப் பிரம்பும் கையுமாக வந்துவிட்டார். டீச்சரும் இருக்கிறாள், நாற்பது பெண்களும் இருக்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

இதெல்லாம் அறுபதுகளின் நடுவில், கடலூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அவள் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது, அதுதான் விஷயம்.

குள்ளம். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை. ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்சை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஆசிரியைகள் அறையில் நாலு கதை உலவியது. நாலும் நாங்களே கட்டியவை.

அவள் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டம் 'பார்த்தது', இரண்டாவது 'கேட்டது', மூன்றாவது 'நினைத்தது'. எதைச் சொன்னாலும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று ஒருத்தி சொன்னால், "பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?" என்பாள். புத்தகத்தில் படித்தது 'கேட்டது' கட்டத்தில்தான் போகும். டீச்சர் சொன்னதும் அதே கட்டம்தான். அதில் அவளுக்கு ஒரு மானக்குறைவும் இல்லை. "நான் சொன்னேங்கறதுக்காகப் பாத்தது கட்டத்துல போட்டுடாத" என்று ஒரு பெண்ணிடம் அவள் சொன்னதைத் தட்டியின் இடுக்கு வழியாக நானே கேட்டிருக்கிறேன். தெரியாது என்று சொல்கிற பெண்ணை உட்காரச் சொல்லுவாள், அடிக்க மாட்டாள். சரியாகச் சொன்ன பெண்ணுக்கும் பாராட்டு இல்லை, கைதட்டல் இல்லை. "சரி" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பெண்கள் உயிரை விடுவார்கள்.

ஆசிரியைகள் அறையிலும் இதே தொல்லைதான். வாயைத் திறக்க விடமாட்டாள். பலாப்பழம் தின்று தண்ணீர் குடித்தால் வாயு என்றால், பாத்ததா கேட்டதா? ஆறாம் வகுப்புப் பெண் திருடுகிறாள் என்றால், பாத்ததா கேட்டதா? கிரகணத்து நேரத்தில் சாப்பிட்டால் விஷம் என்று தையல் டீச்சர் ஒரு நாள் சொல்லப்போக, அடுத்த கிரகணத்தன்று நல்ல நேரம் பார்த்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். தையல் டீச்சர் மூன்று நாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது ஆகுமா என்று. ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா டீச்சர், எல்லாம் மூடநம்பிக்கை" என்று நான் அவளுக்கு வக்காலத்து வாங்கினேன். என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவதானே டீச்சர் சாப்பிட்டேன். ஒரு தடவைய வச்சி எதையும் சொல்லிட முடியுமா?"

போதுமா? பரிந்து பேசப் போனவளுக்கு இதுதான் மரியாதை. தையல் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இப்படிப்பட்டவளோடு யார்தான் ஒட்ட முடியும்? ஆனாலும் எங்கள் அறையில் அவளோடு கொஞ்சமாவது பேசிக்கொண்டிருந்தது நான்தான். அதனால்தான் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

பூமி உருண்டை என்பதற்குப் புத்தகத்தில் ஒரு சான்று உண்டு. கரையை விட்டுப் போகிற கப்பலில் முதலில் அடிப்பகுதி மறையும், கடைசியாகப் பாய்மரத்தின் உச்சி மறையும். காலம் காலமாக எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிற வரி. எதிரே கடல் கிடக்கிறது, துறைமுகத்துக்கு வெளியே இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பல்கள் நிற்கின்றன. போய்ப் பார்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்னார்: "சனிக்கிழமதானே? போயிட்டு வாங்க. வெயிலுக்கு முந்தித் திரும்பிடுங்க." நான் மேஜைக்கு இந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இது பார்த்தது, கேட்டது இரண்டிலும் சேரும்.

காலை ஆறு மணிக்கு நாற்பது பெண்களோடு மணலில் உட்கார்ந்தோம். கப்பல் ஒன்று புறப்பட்டது. எல்லோரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது சின்னதாகிக்கொண்டே போயிற்று, மங்கிக்கொண்டே போயிற்று. எனக்கோ புத்தகத்து வரி நாக்கு நுனியில் நிற்கிறது. "பாருங்கடி, பாருங்கடி, அடி மறைஞ்சிடுச்சி, மேலதான் தெரியுது" என்று கையை நீட்டிக் கத்தினேன். ஆறேழு பெண்கள் "ஆமா டீச்சர்" என்றார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களா டீச்சர்?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. கேட்டுவிட்டு வழக்கம்போல முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். நாற்பது பெண்களும் சேர்ந்து காத்திருந்தார்கள். "பாத்த மாதிரிதான் இருந்திச்சி" என்று இழுத்தேன். "அப்ப நெனச்சது" என்றாள். பெண்கள் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கப்பல் மொத்தமாக மங்கி மறைந்தது, எது முதலில் போயிற்று என்று தெரியவில்லை என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதினார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது அந்தக் கடற்கரை மீனவர் குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். வகுப்பிலேயே கறுத்து, ஒல்லியாக, கேள்வி கேட்டே உயிரை எடுக்கிற பெண் அவள்தான். "டீச்சர், எங்கப்பா கடல்லேருந்து திரும்பி வரச்சே கரையில மொதல்ல தென்னமரத்துத் தலதான் தெரியும்னு சொல்லும். அடிமரம் அப்பாலதான் வருமாம்."

என் பக்கத்தில் இருந்த அவள் முகம் அன்றைக்கு மலர்ந்ததைப் போல வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. "கேட்டதுல எழுது. யார்கிட்ட கேட்டதுன்னும் எழுது. புஸ்தகம் போட்டவரு கடலுக்குப் போனாரான்னு நமக்குத் தெரியாது, உங்கப்பா தெனம் போறாரு" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பெண்கள் பள்ளிகளுக்கு அப்போது தனியாக இன்ஸ்பெக்ட்ரஸ் உண்டு. அந்த அம்மாள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெண்களைத் தயார் செய்வோம். இந்த வித்தை தெரியாத பள்ளிக்கூடம் அந்தக் காலத்தில் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். என்ன கேள்வி கேட்டாலும் மொத்த வகுப்பும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. டீச்சர் வலது கை தூக்கினவர்களில் ஒருத்தியை எழுப்புவாள். எங்கள் தலைமையாசிரியையே ஒத்திகை பார்ப்பார். "நம்ம பொண்ணுங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு அந்தம்மாவுக்குத் தோணணும்" என்பார். இன்ஸ்பெக்ட்ரஸும் ஒரு காலத்தில் டீச்சராக இருந்து இடது கையைப் பார்த்தவர்தானே? தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாததுபோல இருப்பார். எல்லோருக்கும் நல்லது.

அவள் மட்டும் ஒத்திகை வைக்கவில்லை. "பொய்க் கை தூக்கச் சொல்ல என்னால முடியாது டீச்சர்" என்று என்னிடம் சொன்னாள். ஊரோடு ஒத்துப்போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அதற்கும் யோசித்தாள், சனியன்.

என் வகுப்பில் நாற்பது கையும் எழுந்தன. பதிவேட்டில் 'மிக நன்று' விழுந்தது. அந்த அம்மாள் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார். நான் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

"கரையிலேருந்து கப்பல் போறப்ப எது மொதல்ல மறையும்?"

ஒரு கையும் எழவில்லை. யோசிக்கிறார்களாம். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இன்ஸ்பெக்ட்ரஸின் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். கடைசியில் அந்தக் குப்பத்துப் பெண் எழுந்தாள்.

"புஸ்தகத்துல அடிப்பக்கம்னு போட்டிருக்கு டீச்சர். அது கேட்டது. நாங்க போய்ப் பாத்தோம், எங்களுக்கு அப்படித் தெரியல. மொத்தமா மங்கிப் போயிடிச்சி."

"அப்ப பூமி தட்டையா?"

"இல்ல டீச்சர், உருண்டதான். எங்கப்பாவுக்குத் தென்னமரத்துத் தல மொதல்ல தெரியுது, அத வச்சி சொல்லலாம். ஆனா கப்பல நாங்க பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, நிஜமான ஆசையோடு கேட்டாள்: "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மொத்த வகுப்பும் காத்திருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸின் பேனா மூடி கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

பதிவேட்டில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. 'ஒழுங்கீனம்' என்ற வார்த்தை இருந்ததாகக் கேட்டது. மறுநாளே கடற்கரை விஷயம் தாளாளர் காதுக்குப் போயிற்று. வயசுக்கு வந்த பெண்களை விடியற்காலையில் மீன்காரக் குப்பத்துக்குக் கூட்டிப் போனாளாமே, யாரைக் கேட்டுக் கூட்டிப் போனாள் என்று பிள்ளையைப் பெற்ற நாலு பேர் வந்து நின்றார்கள். "எங்கிட்ட கேக்கவே இல்ல" என்றார் தலைமையாசிரியை. நல்ல மனுஷிதான். பயந்துவிட்டார்.

தாளாளர் அறையில் விசாரணை. அவள் ஒரு நாற்காலியில், தலைமையாசிரியை ஒரு நாற்காலியில். நான் நின்றுகொண்டிருந்தேன். அனுமதி கேட்டபோது இந்த டீச்சரும் கூட இருந்தாங்க என்று அவள் சொல்லியிருந்தாள். இதில் அவள் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் தெரியும். என்னிடம் அவள் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதில்லை என்று இருந்திருப்பாள். பார்த்ததைச் சொல்லப்போகிறேன், அவ்வளவுதானே?

"பெரிய டீச்சர் பர்மிஷன் குடுத்தது உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று தாளாளர் கேட்டார். குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை மேஜையில் காகிதங்கள்மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார். டீச்சர் கூப்பிட்டாங்க, போனேன்."

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அப்போது பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை, இன்னும் மூன்று மாதம் இருந்தது, வீட்டுக்காரர் வேலையும் நிலையில்லை. பயந்துவிட்டேன். எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு புதுக் கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, தாளாளருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். பெண்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. வகுப்பில் அவள் மேஜைமேல் அடுக்கியிருந்த அந்த நாற்பது நோட்டுகளையும் ப்யூன் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினான்.

அவள் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தட்டியை எடுத்துவிட்டு எண்பது பேரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். நோட்ஸ் சொன்னேன். ஒரே மாதத்தில் 'ஏ' பிரிவுப் பெண்களும் தெருவரை கேட்கிற மாதிரி ஒப்பிக்கப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் நாம் எப்படி வளைத்தாலும் வளைவார்கள். அந்தக் குப்பத்துப் பெண் மட்டும் ஒன்று செய்தாள். நான் என்ன கேள்வி கேட்டாலும் இடது கையைத் தூக்கினாள். தண்ணீரின் கொதிநிலை கேட்டாலும் இடது கை. இந்தியாவின் தலைநகரம் கேட்டாலும் இடது கை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷம், பள்ளியை விட்டுப் போகும்வரை, அந்த மெலிந்த கறுத்த இடது கை என் எதிரே நின்றுகொண்டே இருந்தது. ஏண்டி என்று ஒரு தடவைகூடக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரீட்சையில் அடிப்பகுதிதான் முதலில் மறையும் என்று எழுதிப் பாஸ் செய்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து மேல வீதியில் நடந்துகொண்டிருந்தபோது மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. கீழே மளிகைக் கடை, மேலே ட்யூட்டோரியல். எஸ்.எஸ்.எல்.சி. தவறினவர்களுக்கு நடத்துவது. "வடகிழக்குப் பருவக்காற்று, கமா, அக்டோபர் மாதத்தில் தொடங்கி, எழுதிட்டீங்களா, அடுத்த வரி." ஒப்பிக்கிற சத்தம் தெருவரை வந்தது. படியேறினேன்.

வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். வாட்ச் மட்டும் அதே உள்மணிக்கட்டில். "வாங்க டீச்சர்" என்றாள், நேற்றுப் பார்த்தவளைப்போல.

"நீங்களா டீச்சர் நோட்ஸ் சொல்றது?"

"இதுங்க ரெண்டு தடவ போனதுங்க. இந்தத் தடவையும் போச்சின்னா கட்டிக் குடுத்துடுவாங்க. இங்க ரெண்டு நிமிஷம் பேசாம நின்னா மேனேஜர் மேல வந்துடுவாரு." பிறகு கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்ன பண்றா?"

"பாஸ் பண்ணிட்டா. இப்ப எங்க இருக்கான்னு தெரியாது" என்றேன். இந்தத் தடவை உண்மையாகவே தெரியாது. ஆனால் தாளாளர் அறையில் சொன்ன அதே வார்த்தை.

பஸ்ஸில், கல்யாணப் பந்தலில், இந்த மூன்று வருஷமாகத் தூங்கப் போகிற ஒவ்வொரு ராத்திரியிலும் நான் தயார் செய்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "அன்னிக்கி நான் உண்மையைச் சொல்லியிருந்தா என் வேலையும் போயிருக்கும் டீச்சர்."

"பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?"

கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே ஒரு சைக்கிள் கடை. அதைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், காத்திருந்தாள். உள்ளே பெண்கள் கமாவில் நிறுத்திய வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னை யாரும் மிரட்டியதை நான் பார்த்ததில்லை. யார் சொல்லியும் கேட்டதில்லை.

"நெனச்சது" என்றேன்.

"சரி" என்றாள். அந்தப் பெண்கள் உயிரை விடுவார்களே, அதே 'சரி'. உள்ளே போய் விட்ட வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு நான் சொன்ன அந்த விடையும் பொய். தாளாளர் கேட்டபோது என் வேலை எனக்கு நினைவிலேயே இல்லை. தேவனாம்பட்டினத்து மணலில், நாற்பது பெண்கள் முன்னால், "பாத்தீங்களா டீச்சர்?" என்று என்னைக் கேட்டாளே, அது ஒன்றுதான் இருந்தது.